ஆர்லன் நிறுத்திய விசிறிகள்

மின்னசோட்டாவில் வான்கோழி வளர்க்கிற ஆர்லனுக்கு விசிறிச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். கொட்டகை விசிறிகள் நின்றால் சற்று நேரத்தில் உள்ளே பறவைகள் வெந்துபோகும். அதனால், நின்றவுடன் தானாகவே போன் அடிக்கிற அலாரம் வைத்திருந்தான். அவன் எடுக்காவிட்டால் அழைப்பு, மனைவி ஜாய்ஸோடு பக்கத்துப் பண்ணையை நடத்துகிற லைலுக்குப் போகும். லைலின் அலாரம் இவனுக்கு வரும். கல்யாணமோ சாவோ, பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார்கள்.

தினமும் காலையில் ஆர்லன் கொட்டகைக்குள் நடந்து, நொண்டுவதையும் சோர்ந்து கிடப்பதையும் பொறுக்கிக் கழுத்தைத் திருகுவான். அதற்கு 'கல்லிங்' என்று பெயர். மிச்சமிருப்பவை பிழைக்கத்தானே என்பதால் அந்தச் சொல் அவனை உறுத்தியதில்லை.

அவன் கொட்டகைக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது அரசாங்க அதிகாரி போனில் வேறு சொல் சொன்னாள்: 'டீபாப்புலேட்'. ஏதோ ஊரைக் காலி செய்வதுபோல. கொல்வது என்று கடைசிவரை அவள் வாயில் வரவில்லை. கொட்டகைக்குள் நுரையை நிரப்பிப் பறவைகளை மூச்சடைக்க வைத்து முடிக்கிற ஆட்கள் வரத் தாமதமாகுமாம். அதற்குள் நோய் பரவலாம். விசிறியை நிறுத்தி ஹீட்டரை ஏற்றினால் இன்றே முடியும். ஆர்லன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"லைலோடது தப்பிச்சிருமா?"

"உங்க கேட்டை யாரும் தாண்டாம இருந்தா தப்பிக்கலாம்."

அதற்காகத்தான் சம்மதித்தான்.

மத்தியானம் ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தான். பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டபடி கதவில் நெற்றியை முட்டி நின்றான். அடுத்து அழைப்பு யாருக்குப் போகும் என்பது உறைத்தபோது லைலின் வண்டி கேட்டைத் தாண்டி வந்துவிட்டது.

லைலுக்கும் காய்ச்சல் விஷயம் தெரியும். அலாரம் அடித்ததும் கால் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

"மரம் மாதிரி நிக்கிற, தள்ளுடா," என்று இவனை ஒதுக்கிவிட்டுக் கதவை இழுத்தான். வெந்த காற்றும் தூசியும் இறகும் அவன் முகத்தில் அடித்தன.

"நான்தாண்டா நிறுத்துனேன்," என்றான் ஆர்லன்.

லைல் கதவை மெல்ல மூடினான். தன் பூட்ஸைப் பார்த்தான், சட்டைக் கையைப் பார்த்தான்.

"நேத்துதான் குஞ்சு எறக்கியிருக்கேன்."

வண்டியை நோக்கி இரண்டடி வைத்த லைல், அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"வீட்டுக்குப் போகல. ஜாய்ஸுக்கு நீயே போன் பண்ணு. தீனிய அவளே போடட்டும். என்னைத் தேடி இங்க வந்துறாம பாத்துக்க."