படச்சுருளின் ஓரத்து எண்

எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஒவ்வொரு செல்போனையும் வாங்கி, கேமராவின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார். சாப்பாட்டுப் பையில் என் அப்பா வயசுக் கேமரா ஒன்று தயிர்சாதத்துக்கு அடியில் போகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அன்றுதான் முதல் தடவையாக நானும் அதை உள்ளே கொண்டுபோனேன். ஒரகடம் ரோட்டு டீக்கடைகளையும் கன்டெய்னர் லாரிகளையும் எடுத்துக்கொண்டு திரிகிற ஆள் நான்.

முந்தின நாள்தான் பக்கத்தில் தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் இருந்த அண்ணன் ஒருவருக்கு வலது கையில் மூன்று விரல் போனது. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. வேகம் குறைகிறதென்று அதை லைன் முழுக்க கம்பெனிக்காரர்களே கழற்றிவிட்டிருந்தார்கள். இப்போது அண்ணனே கழற்றினார் என்று ரிப்போர்ட் எழுதினார்கள். மற்ற மெஷின்களிலும் சென்சார் இல்லை என்று காட்ட ஒரு படம் போதும். பிரஸ் இறங்குகிற சத்தத்தில் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கும்? ஏழு படம் எடுத்தேன்.

அண்ணனைத் தவிர, இது என் ரூம்மேட் ஒருவனுக்குத்தான் தெரியும். தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் நாங்கள். ஒரே லைன், இரண்டு பேரும் கான்ட்ராக்ட். பிள்ளைப்பாக்கத்து வாடகை ரூமின் பாத்ரூமில் நான் ஃபிலிம் கழுவும்போது, வெளியே நின்று கடிகாரம் பார்த்து நிமிஷம் சொல்பவன் அவன்தான். நீளச் சுருளாக ஃபிலிம் வாங்கி, பழைய டப்பாக்களில் நாங்களே வெட்டிச் சுற்றிக்கொள்வோம். டப்பாக்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்பதால், மேலே டேப் ஒட்டிப் பேனாவால் எழுதி வைப்போம்.

ஞாயிற்றுக்கிழமை கழுவினேன். சுருளைப் பிரித்தால் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஷட்டர் காலை வாரிவிட்டது என்று கேமராவைத் திட்டினேன். பிறகு ஜன்னலில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஓரத்து எண் கண்ணில் பட்டது. படமே எடுக்காத ஃபிலிமிலும் கழுவினால் அது தெரியும். நல்ல வெயிலுக்கான 100 என்று இருந்தது. ஷெட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று நான் போட்டிருந்தது 400.

ரூம்மேட்தான் என் டேப்பை உரித்து, படமே எடுக்காத வேறு டப்பாவில் ஒட்டியிருக்கிறான். அந்த டேப்பைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் இந்த உலகத்தில் கிடையாது.

கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஏல, கேமரா உள்ள போனது தெரிஞ்சா ஒன்ன வேலைய விட்டே தூக்கிருப்பாவ. ஒன்னக் காப்பாத்தத்தான் அந்தச் சுருளச் சூப்பர்வைசர்ட்ட குடுத்தேன். ஒன் பேரச் சொல்லல."

ஒரு நாள் முழுக்க அதை நம்பவும் செய்தேன். காப்பாற்றுவதென்றால் சுருளை வெளிச்சத்தில் பிரித்துப் போட்டாலே போதுமே, சூப்பர்வைசரிடம் ஏன் கொடுக்க வேண்டும் என்று மறுநாள்தான் உறைத்தது.

குன்றத்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்தார்.

"இன்னா தம்பி, படம் வந்துச்சா?"

"மாத்திட்டான்ணே. என் ரூம்மேட்."

"அவனா? அன்னிக்கு என்னிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனதே அவன்தான்பா. அவன் தோள்லதான் சாஞ்சிகினு போனேன்" என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். குழிக்குள் நின்று பார்த்தது அன்றுதான்.

இரண்டு வாரத்தில் அவன் பெர்மனென்ட் ஆனான். எங்கள் நீலச் சட்டைக்குப் பதிலாகச் சாம்பல் நிறச் சட்டை. மாடியில் வெயிலில் வந்து நின்று, காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மக்கா, அம்மைக்கு அனுப்பணும். ஒன் கேமராவுல ஒண்ணு எடு. செல்லுல எடுத்தா நல்லா இருக்காது."

எடுத்தேன். அவசரப்படாமல் ஃபோகஸ் பார்த்து, மோவாயைத் தூக்கச் சொல்லி, மூன்று தடவை அமுக்கினேன்.

"எப்பக் கழுவுவ?" என்றான்.

"ஞாயித்துக்கெழம" என்றேன். கேமராவுக்குள் ஃபிலிம் இல்லை.