ஸ்கேனர் திருப்பித் தராத இடம்

போன செவ்வாய்க்கிழமை கடலூர் போயிருந்தேன். மச்சான் ஆரோக்கியம் – என் மனைவியின் தம்பி – கோர்ட் பக்கம் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறான். நான் நுழைந்தபோது அவன் விரல் கம்ப்யூட்டரின் பவர் பட்டனில் இருந்தது.

“கை வெக்காதண்ணே!” என்று கத்தினார் ஸ்டெல்லா. தேவனாம்பட்டினத்துக்காரர்.

மகளின் நர்சிங் படிப்பு விண்ணப்பத்துக்காக வந்தவர். அன்றே கடைசி நாள். ஐந்து மணிக்கு வெப்சைட் மூடிவிடும். பத்துப் பக்கம் நிரப்பி, அனுப்பும் நேரத்தில் கம்ப்யூட்டர் நகர மறுத்துவிட்டது. அணைத்தால் பத்துப் பக்கமும் போச்சு. மணி நாலே கால்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாப்பூடும் மாமா. எப்பவும் அதான் பண்றேன்.”

“எப்பவும் பண்றதுக்குப் பேரு வைத்தியமாடா? தள்ளு.”

கடைக் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு நான் கற்றது. அரசாணை மாதிரிதான்... ஒரு எழுத்து பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடும். கட்டளை அடிக்கும் டெர்மினல் மட்டும் மெல்லத் திறந்தது; top என்று அடித்தேன். ஓடும் புரோகிராம்கள் வரிசையாக வந்தன.

“பிரவுசர்தான் மெமரிய ஜாஸ்தி திங்குது. அத்த மூடுங்க!”

விண்ணப்பமே அதில்தானே இருக்கிறது! அவன் பார்த்தது VIRT என்ற பத்தியை. அது அனுமதிக்கப்பட்ட பணியிடம் மாதிரி – காகிதத்தில் நாற்பது பேர். நாற்காலியில் நிஜமாக உட்கார்ந்திருப்பவர்களை RES பத்திதான் காட்டும். அதில் முதலிடம் ஸ்கேனர் புரோகிராமுக்கு.

மொத்தக் கணக்கைப் பார்த்து ‘இடம் போதவில்லை’ என்று எழுதாத ஆபீஸ் உண்டா? ஒரே ஒரு மேஜையை உற்றுப் பார்க்கத்தான் யாருக்கும் மனம் வராது. top -p என்று அடித்து, பட்டியலில் ஸ்கேனருக்கு நேரே இருந்த எண்ணைச் சேர்த்தேன். திரையில் அது மட்டும் நின்றது. ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனால், பிடித்த இடத்தில் இம்மியும் விடவில்லை.

“இத எப்ப தொறந்த?”

“காலைல மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏத்துனதும் தொறப்பேன். கட சாத்துறப்பதான் மூடுவேன். நடுவுல மூடுனா திரும்பத் தொறக்க லேட்டாவுது மாமா.”

“ஸ்கேன் பண்ணதெல்லாம் சேவ் பண்ணிட்டியா?”

“அப்பப்பவே.”

அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினேன். பிரவுசர் மூச்சுவிட்டது. பத்துப் பக்கமும் பத்திரம். கடைசி பட்டனை ஸ்டெல்லாவே அழுத்தினார். ஒப்புகைச் சீட்டு வந்ததும் மகள் பெயரை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் மடித்தார்.

“ஸ்கேனர்தான்னு எப்பிடி மாமா ஒடனே புடிச்சீங்க?”

அனுபவம் என்று சொல்லி வைத்தேன். நான் ரிட்டயர் ஆன அன்று என் அலமாரியிலிருந்து, வேலை முடிந்தும் நான் விடாமல் வைத்திருந்த ஃபைல்கள் பதினேழை வெளியே எடுத்ததை அவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?