நாலு இலை, திரும்பி வரும் சரக்கு

கேரள எல்லையில், வாளையாரில், செக்போஸ்ட் திரும்ப வந்துவிட்டது என்று போன வைகாசியில் ஒரு வதந்தி கிளம்பியது.

வரிக்காக லாரிகளை நிறுத்திவைத்த பழைய செக்போஸ்ட், ஜி.எஸ்.டி. வந்த வருஷமே போய்ச் சேர்ந்தது ஊரறிந்த விஷயம். இப்போது வந்திருப்பது நெடுஞ்சாலையில் இல்லையாம். சாலைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டுக்குள்ளாம். உள்ளே போகிறவர்களை ஒன்றும் கேட்பதில்லையாம். வெளியே வருகிறவர்களின் பையைத்தான் திறந்து பார்க்கிறார்களாம். டீக்கடைக் குப்பண்ணன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்:

"எங்க சித்தப்பனோட வெத்தலப் பையைக் கூட உடலீங்க. அவுத்து உதறிப்போட்டுத்தான் அனுப்புனாங்க."

விசாரிக்கப் போனேன். பையில் ஒரு குடை, ஒரு சீப்பு பூவன்பழம். சட்டப்படி இரண்டுமே குற்றமில்லை.

வீட்டுக்காரர் ரத்தினசாமி. வயது அறுபத்திரண்டு. இருபத்தாறு வருஷம் அவர் செய்த வேலை, லாரிக்காரர்களுக்கு ஃபாரம் எழுதிக் கொடுப்பது. சர்க்கார் உத்தியோகமில்லை. ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் வாசலில் மேசை, கார்பன் தாள், இரண்டு பேனா. என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை உருப்படி, விற்கவா, இல்லை ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வருகிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். தெலுங்கு, இந்தி, பஞ்சாபி மூன்றிலும் 'என்ன சரக்கு?' என்று கேட்கத் தெரியும். அந்த மூன்றிலும் வேறொன்றும் தெரியாது.

பிறகு ஒரு ஜூலை மாதம் லாரி வரிசை காணாமல் போனது. அன்றிலிருந்து லாரிகள் நிற்பதில்லை, ரத்தினசாமி உட்காருவதில்லை.

புக்கிங் ஆபீஸை மூடினவர்கள் பெஞ்சு, ஃபேன், சுவரிலிருந்த ஆணி வரை பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஜன்னலில் காது உடைந்த கப் ஒன்றில் ஒரு மணி ப்ளாண்ட் இருந்தது. அதை யாரும் சரக்காக மதிக்கவில்லை. ரத்தினசாமி வீட்டுக்கு எடுத்து வந்தார். இருபத்தாறு வருஷ வேலையில் அவருக்கு மிஞ்சியது அந்தக் கப்தான்.

நான் போனபோது செடி கப்பிலிருந்து தொட்டிக்கு மாறியிருந்தது. ஹாலின் திரைச்சீலைக் கம்பி முழுக்க ஓடி, அந்தக் கடைசியிலிருந்து கீழே தொங்கியது. சாதாரணப் பச்சை இல்லை. பச்சையில் பாலைக் கொட்டிக் கலக்காமல் விட்டதுபோல, வெள்ளையும் பச்சையுமாக. ஒரு இலை பாதி வெள்ளை, அடுத்தது புள்ளி, அதற்கடுத்தது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. ஊரில் வேறு யாரிடமும் இந்த ரகம் இல்லை.

அங்கேதான் வினை. மணி ப்ளாண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் பலனில்லை, கடையில் வாங்கினால் கேலி, திருடி வைத்தால்தான் வீடு விளங்கும் என்று வாளையாரிலிருந்து பாலக்காட்டுக் கல்பாத்தி வரை எல்லோருக்கும் தெரியும். ஆகவே ரத்தினசாமி வீட்டுக்குக் காப்பி குடிக்க வருகிற யோக்கியர்கள் எல்லோருமே திருடர்கள். ஆகவே பை சோதனை.

வதந்தி உண்மை. என் பழச்சீப்பைக் கூடத் தூக்கி, அடியில் பார்த்தார்.

"குடையை விரிச்சுக் காட்டுங்க."

"வீட்டுக்குள்ளயா?"

"அப்ப வாசல்ல விரிங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

அவர் மனைவி கமலாத்தாள் சமையல்கட்டிலிருந்து, "ஏனுங்க, அவரு பத்திரிகைல எழுதறவரு" என்றார்.

"எழுதறவங்களுக்குப் பை இல்லயா?"

பிறகும் இரண்டு மூன்று தடவை போனேன். திருடர்களிடமிருந்து செடியைக் காப்பாற்றிவிட்டார், சரி. ரத்தினசாமியிடமிருந்து அதைக் காப்பாற்ற ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மனுஷனால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. செடியையும் இருக்கவிட மாட்டார். காலை ஆறரைக்குக் கிழக்கு ஜன்னல். வெயில் ஏறினால் கம்பியிலிருந்து கொடியை அவிழ்த்து, தொட்டியோடு ஃபிரிட்ஜ் மேல். பத்து மணிக்கு அங்கே சூடு என்று டிவி பக்கம். டிவியின் வெளிச்சம் ஆகாது என்று மதியம் படுக்கை அறை. பாலக்காட்டுக் காத்து அடித்தால் கதவு மூலை. சாயங்காலம் மறுபடி கம்பி. ஒவ்வொரு இடம் மாறும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர்.

"எதுக்குங்க இத்தனை தண்ணி?"

"பிரயாணம் பண்ணிருக்குதல்ல? எறங்குன எடத்துல கேக்கும்."

ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பார். ரோட்டுப் புழுதியாம். துடைத்து ஐந்து நிமிஷத்தில் ஒரு லாரி போகும், மறுபடி துடைப்பார். அந்தச் செடி ஒரு நாளில் வாங்கிய துடைப்பைக் கலெக்டர் ஆபீஸ் மேசை ஒரு வருஷத்தில் வாங்கியிருக்காது.

இலைகள் கீழிருந்து மஞ்சளாக ஆரம்பித்தன. மஞ்சளைப் பார்த்ததும் அவருக்குப் பதற்றம். பதற்றம் வந்தால் இன்னொரு டம்ளர்.

பக்கத்து வீட்டு ஹஃப்ஸா கதைக்குள் வருவது இங்கேதான். அவள் அப்பாவுக்குப் பாலக்காட்டில் ஜவுளி வியாபாரம். இவளுக்கு வாளையாரில் தையல். ஏழெட்டு வருஷமாக வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவள், ரோட்டோரம் ஒரு அறை பிடித்துக் கடை திறக்க இருந்தாள். ஒரு மத்தியானம் ரத்தினசாமி குளிக்கப் போன நேரத்தில் கமலாத்தாள் அவளைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார். குளிக்கப் போகும்போது செடியையும் கூடவே கொண்டுபோயிருந்தார் ரத்தினசாமி. ஈரக்காற்று நல்லதாம்.

"அம்மிணி, அவரு குடுக்க மாட்டாரு. கேட்டா அப்பறம் ராவும் பகலும் காவல்தான். நீ ஒரு துண்டு திருடிட்டுப் போயிரு. உங்கூட்டுலயாச்சும் பொழைக்கட்டும். இது செத்துப்போச்சுன்னா மனுசன் என்ன ஆவாரோ எனக்குத் தெரியல கண்ணு."

"எனக்கு இந்த அதிர்ஷ்டத்துல எல்லாம் நம்பிக்கை இல்லீங்க அக்கா. படைச்சவன் குடுக்கறதுதான்." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா கடை தொறக்கறப்ப செடி திருடுனதாவே இருந்துட்டுப் போகட்டும்."

முதல் முயற்சி நடந்த அன்று நானும் அங்கே இருந்தேன். தற்செயலாக அல்ல. ரத்தினசாமியைப் பேச்சில் பிடித்துவைக்கும் பொறுப்பைக் கமலாத்தாள் எனக்குக் கொடுத்திருந்தார். பஞ்சாப் லாரிகளைப் பற்றிக் கேட்டேன். உற்சாகமாகத்தான் சொன்னார். ஹஃப்ஸா அளவு ரவிக்கையோடு கமலாத்தாளைத் தேடுவதுபோல் கம்பிப் பக்கம் நகர்ந்தாள். ரத்தினசாமியின் வாய் லூதியானாவில் இருந்தது. கண் வாளையாரிலேயே இருந்தது.

"கத்திரி எதுக்கு அம்மிணி?"

"தையக்காரி கையில பின்ன கடப்பாரையாண்ணா இருக்கும்?"

"கத்திரி இருக்கட்டும். பையைக் காட்டீட்டுப் போ."

ரவிக்கையின் கைகளுக்குள்ளே கூட விரலை விட்டுப் பார்த்தார். ஹஃப்ஸா வெறுங்கையோடு போனாள். "செக்போஸ்ட்டே தேவலைங்க" என்று போகிற போக்கில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனியில் நிலைமை முற்றியது. கம்பியில் இருந்த இலைகள் ஒவ்வொன்றாக விழுந்து, ஓரத்தில் தொங்கிய நுனியில் மட்டும் நாலு இலை உருப்படியாக இருந்தது. ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போதே ஹஃப்ஸா நேராக வந்தாள். யாரையும் கேட்காமல் தொட்டி மண்ணை விரலால் கிளறி, முகர்ந்து பார்த்து, அவர் மூக்கருகே நீட்டினாள்.

"வேரு அழுகி நாறுதுங்கண்ணா. மேல் மண்ணு காஞ்சதுக்கப்பறம் தண்ணி ஊத்துனாப் போதும். ஒரே எடத்துல உட்டா அதும்பாட்டுக்கு வளரும். இப்ப இந்தத் தொட்டி தேறாது. அந்த நுனி மட்டும்தான் உசுரோட இருக்குது. கணுவுக்குக் கீழ வெட்டித் தண்ணில போட்டா வேரு புடிக்கும்."

"அப்ப நானே வெட்டிப் போடறேன்."

"போட்டுட்டுச் சும்மா இருப்பீங்களா?"

கமலாத்தாள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். ரத்தினசாமி கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். அதில் தண்ணீர் இருந்தது. டம்ளரை மேசையில் வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

பிறகு அவர் செய்தது எனக்கு முதலில் விளங்கவில்லை. வாசல் பக்கத்து ஜன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரோட்டைப் பார்த்து உரக்க எண்ண ஆரம்பித்தார்.

"கர்நாடகா வண்டி ஒண்ணு. ஆந்திரா வண்டி ஒண்ணு. நம்ம தமிழ்நாடு, செங்கல் லோடு."

ஹஃப்ஸா என்னைப் பார்த்தாள். கமலாத்தாள் சரி என்று தலையை அசைத்தார்.

கத்திரியின் சத்தம் ரொம்பச் சின்னதுதான். ரத்தினசாமியின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. ரோட்டில் அப்போது ஒரு லாரியும் இல்லை.

"ஆந்திரா வண்டி," என்றார். "இன்னொரு ஆந்திரா வண்டி."

ஹஃப்ஸா பையை அணைத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் யாரும் அவளை நிறுத்தவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் தட்டினார் ரத்தினசாமி. கையில் கார்பன் வைத்து எழுதின பழைய ஃபாரம், இரண்டு பிரதி. மையின் நிறம் மட்டும் புதுசு. 'சரக்கு: மணி ப்ளாண்ட் துண்டு, ஒன்று. இலை நான்கு. முதல் இலை வலப் பாதி வெள்ளை. இரண்டாவது, புள்ளி பதினொன்று. மூன்றாவது, இட ஓரம் கோடு. நான்காவது, நுனி மட்டும் பச்சை. விற்பனைக்கு அல்ல. திரும்பி வரும் சரக்கு.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"ஏனுங்கண்ணா, கையெழுத்துப் போட்டுட்டா அப்பறம் இது என்ன திருட்டு?"

"திருட்டு திருட்டுதான் அம்மிணி. அதை நான் இல்லைங்கல. சரக்கு போன வழி தெரியணுமல்ல?"

போட்டுக் கொடுத்தாள். ஒரு பிரதி அவளுக்கு.

அந்த மாதம் முடிவதற்குள் தொட்டிச் செடி போய்விட்டது. அவர் அழவில்லை, கத்தவில்லை. காலித் தொட்டியை ஆறரைக்குக் கிழக்கு ஜன்னலிலும் பத்து மணிக்கு டிவி பக்கமும் ஒரு வாரம் வைத்து எடுத்ததாகக் கமலாத்தாள் சொன்னார்.

ஹஃப்ஸாவின் துண்டு ஊறுகாய் பாட்டில் தண்ணீரில் பத்தே நாளில் வேர் விட்டது. கடை திறந்த அன்றே மண் தொட்டிக்கு மாறிக் கடைக்குப் போனது. வெளிச்சம் வரும், வெயில் விழாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கதவைச் சாத்தும் முன் மண் காய்ந்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் கவனிப்பு. கார்த்திகைக்குள் தையல் மிஷினுக்கு மேலே, நூல்கண்டு ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று முழம் ஓடிவிட்டது.

அவள் கடனை வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு துண்டு வெட்டி, வேர் பிடிக்கவைத்து, ரத்தினசாமியிடம் கொண்டுபோனாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பிரதியை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"எலை மூணுதான் இருக்குது. போனது நாலு."

அடுத்த தடவை நாலு இலையோடு போனாள்.

"ரெண்டாவது எலைல புள்ளி ஒம்பது. போனது பதினொண்ணு. இது வேற சரக்கு அம்மிணி. நான் எறக்கிக்க முடியாது."

"அண்ணா, இந்த ஜாதில ஒரு எலை மாதிரி இன்னொரு எலை எந்தக் காலத்துலயும் வராதுங்க!"

"அதுக்கு நான் என்ன பண்ண? நீ கையெழுத்துப் போட்டிருக்கறயல்ல?"

"நீங்க வேணும்னே பண்றீங்க."

"ஃபாரத்துல அப்பிடித்தான் இருக்குது," என்றார் ரத்தினசாமி. வேர்விட்ட அந்தத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். எங்கே பிடித்தால் இலை நோகாது என்று பார்த்துப் பிடித்தார்.

போன வாரம் ஹஃப்ஸாவின் கடைக்குப் போயிருந்தேன். மூலையில் ஒரு ஸ்டூல். அதில் ரத்தினசாமி. உட்கார்ந்திருந்தார் என்று எழுத ஆசைதான். அரை ஸ்டூலில் இருந்தார், ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. தினமும் பத்து மணிக்கு வருகிறாராம், சரக்கைப் பரிசோதிக்க. தொடக்கூடாது, தண்ணீர் ஊற்றக்கூடாது, நகர்த்தக்கூடாது என்பது ஹஃப்ஸாவின் நிபந்தனை. பார்க்கலாம்.

ஒரு அம்மாள் தைத்த ரவிக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ரத்தினசாமியின் கண் அவர் பையோடு வாசல் வரை போய், திரும்பி வந்தது.

"அண்ணா," ஹஃப்ஸா மிஷினை நிறுத்தாமல் கூப்பிட்டாள். "மேல புதுசா ஒரு எலை விரிஞ்சிருக்குது. வலப் பாதி வெள்ளை. உங்க மொத எலை மாதிரியே இருக்குது. பாத்துச் சொல்லுங்க, இன்னைக்கே வெட்டித் தாறேன்."

அவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, மடிப்பு கிழியாமல் விரித்தார். கண்ணாடியைப் போட்டார். இலையை ரொம்ப நேரம் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றிருந்தது. எனக்கு அது அச்சு அசலாக வலப் பாதி வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"பாதிக்குக் கொஞ்சம் கம்மி," என்றார்.

ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.