பேஸ்மட்டத்து மண்

சவுரியம்மாளுக்குக் கோபம் வந்தால் கிளியனூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும் என்று காலனியில் சொல்வார்கள். சும்மா சொல்வதில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் சரி, பஸ்காரன் நிறுத்தாமல் போனாலும் சரி, வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு “கை ஓடட்டும், கை ஓடட்டும்” என்று விரட்டுகிற நிலக்காரனானாலும் சரி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள் என்றால் எதிரே நிற்பவனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது அவளுக்கு. ஏரிக்குக் கீழே இருக்கிற அடுத்தவர் நிலங்களில் நாற்று நட்டே வயிறு வளர்த்தவள். நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் அவளிடம்தான் சொல்லி அனுப்புவார்கள். அவள்தான் பெண்களைத் திரட்டிக்கொண்டு போவாள். ஏரியில் தண்ணீர் இருந்தால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை.

அப்பேர்ப்பட்ட சவுரியம்மாள் ஒரே ஒரு தடவை ஒரு கேள்விகூடக் கேட்காமல் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த ஒரு தடவை நின்றதுதான் இத்தனைக்கும் வினையாக வந்து சேர்ந்தது.

போன வருஷம் கோடையில் ஏரியைத் தூர் வாருகிறோம் என்று பொக்லைனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம்தானே! ஏரி வண்டலைக் கோடையில் அள்ளி நிலத்தில் கொட்டுவது இந்தப் பக்கத்தில் புதுசா என்ன? அள்ளினால் அடுத்த மழையில் புது வண்டல் வந்து படியும், ஏரிக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது. ஆனால் வேலையை எடுத்து வந்த காண்டிராக்டருக்கு வண்டல் ஒரு சாக்கு. அவனுக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கிற கிராவல் மண். கரையையே அறுத்து லாரிக்குப் பாதை போட்டான். விக்கிரவாண்டிப் பக்கம் மனை போடுகிறவர்களுக்கு டிப்பர் டிப்பராக ஏரியின் அடிவயிறு போனது.

ஊர் கேட்காதா? கேட்கும் என்று காண்டிராக்டருக்கும் தெரியும். அதனால்தான் வந்த கையோடு காலனியில் வீட்டுக்கு ஒரு லோடு மண்ணை இனாமாகக் கொட்டினான். காலனி பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி பிறந்தால் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அரிசி, துணி, பிள்ளைகள் எல்லாம் கட்டில்மேல் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். சவுரியம்மாள் அரசாங்க வீடு கிடைத்து, பழைய வீட்டை இடித்துவிட்டு, இடுப்பளவு பேஸ்மட்டம் கட்டி, உள்ளே நிரப்ப மண்ணுக்கு வழியில்லாமல் காத்திருந்தாள். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற அவள் புருஷன் ஆரோக்கியராஜ், டிப்பர் வாசலில் வந்து நின்றதும் லாரிக்கு மாலை போடாத குறைதான். சவுரியம்மாளே கையைக் காட்டி, “இன்னும் கொஞ்சம் பின்னால வாப்பா, உள்ளாற விழட்டும்” என்று சொன்னாள். வாயெல்லாம் பல்.

மழை வந்தது. பஸ்ஸில் போகிறவன் பார்த்தால் ஏரி தளும்பி நிற்கிற மாதிரிதான் தெரியும். மதகைத் திறந்தார்கள். இரண்டு நாள் கலங்கலாக வழிந்தது, அப்புறம் நின்றுபோனது. வழியுமா? மதகுக்கு அவ்வளவு கீழே பள்ளம் பறித்து வைத்திருந்தால் தண்ணீர் பள்ளத்தில் கிடக்குமே ஒழிய எப்படி ஏறி வரும்? கண்ணெதிரே தண்ணீர் கிடக்கிறது, கழனி வெடித்துக் கிடக்கிறது. நாற்றங்காலில் நாற்று பழுத்தது. தை மாதம் முழுக்க சவுரியம்மாளின் நடவு ஜமா வீட்டில் உட்கார்ந்திருந்தது.

இந்தக் கோடையில் பொக்லைன் மறுபடி வந்து இறங்கியபோது அவள் முந்தானையைச் செருகினாள். பக்கத்து வீட்டு அம்சாவையும் ஜமாவில் இருந்த பெண்களையும் அழைத்துக்கொண்டு நேரே கரைக்குப் போனாள். லாரிக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றவன் தென்னரசு. காலனிப் பிள்ளைதான், காண்டிராக்டரிடம் கூலிக்கு நிற்கிறான்.

“ஜல்தியா வழி வுடு சின்னம்மா, வண்டி லைன்ல நின்னுக்கினு கீது.”

“வழியா? உனக்கு வழி வேற வுடணுமா? இன்னாடா பண்ணிக்கினு கீறீங்க? மரத்த வெட்டுனா தழைக்கும். தண்ணி போனா மழைல வரும். வண்டல் அள்ளுனா அடுத்த வருசம் படியும். நீ ஏத்தி வுடுறியே இந்த மண்ணு, இது எந்த மழைலடா வரும்? உம்புள்ள காலத்துல வருமா, அதும்புள்ள காலத்துல வருமா, சொல்லு!”

தென்னரசு, வேலைக்கு நிற்கிறவனுக்கே உரிய எரிச்சலோடு சொன்னான்: “எங்கிட்ட ஏன் கத்துற? உன் வூட்டு பேஸ்மட்டத்துல கீறது எந்த ஏரி மண்ணு? அத்த மொதல்ல சொல்லு.”

அம்சா தரையைப் பார்த்தாள். எல்லார் வீட்டிலும் அந்த மண்தானே! பிறந்து வளர்ந்து இத்தனை வயதுக்கு சவுரியம்மாளுக்குப் பதில் வராமல் போனது அன்றைக்குத்தான். டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டு அவளை ஒதுக்கிவிட்டுப் போனது.

வீட்டுக்கு வந்தவள் பேஸ்மட்டத்தின்மேல் ஏறி நின்றாள். திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கிய மண். ஒரு வருஷத்தில் சுவரும் கூரையும் எழும்பிவிட்டன, தரைதான் பாக்கி; மறுநாள் சிமெண்ட் தரை போட கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் தண்ணீர் ஏறாத வீடு. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் ஏறியது. காண்டிராக்டர்மேல் பாதி, தன்மேல் பாதி.

“யோவ், மம்முட்டி எங்க?”

“மம்முட்டி எதுக்கு இப்ப?” என்று ஆரோக்கியராஜ் கேட்டு முடிப்பதற்குள் அவளே மண்வெட்டியை எடுத்து ஒரு மூலையில் ஓங்கிக் கொத்தினாள். அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

“பைத்தியமா புடிச்சிகிச்சி உனக்கு? நாளைக்கு கொத்தனார் வர்றாரு! ஐப்பசில தண்ணி பூந்தா எங்க படுப்ப?”

“கட்டில் மேல படுப்பேன். இத்தினி வருசம் எங்க படுத்தேன்?”

“ஒரு லோடு மண்ண திருப்பிக் கொட்டுனா ஏரி சரியாயிடுமா?”

“ஆவாது. எனக்குத் தெரியாதா?” மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனை முறைத்தாள். “அவன் கேட்டான்யா, எனக்கு வாய் வரல. இந்த மண்ணப் போட்டுத்தான் எம்வாய மூடி வச்சிக்கினு கீறானுங்க. எனக்கு இந்தத் தரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு எம்வாய் வேணும்.”

ஆரோக்கியராஜ் கையை விட்டான். திட்டிக்கொண்டேதான் போனான், ஆனால் கொத்தனாரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

விடிந்ததும் அவள் பேஸ்மட்டத்து மண்ணை வெட்டி அள்ளிச் சட்டியைத் தலையில் வைத்தாள். வீட்டுக்கும் கரைக்குமாக நடந்தாள். கொட்டிய இடம் ஏரிக்குள் இல்லை. கரையை அறுத்துப் போட்ட லாரிப் பாதையின் நட்டநடுவில். நாலைந்து நடை அவள் தனியாகத்தான் நடந்தாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அம்சா பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கூட்டுக்காரரு என்ன வெட்டிப் போடப் போறாரு” என்று முணுமுணுத்தபடி அவளும் ஒரு சட்டியோடு வெளியே வந்தாள்.

ராத்திரி உள்ளேயே நிறுத்தியிருந்த முதல் டிப்பர் ஏரிக்குள்ளிருந்து மண்ணேற்றி மேலே வந்தபோது பாதையில் முழங்காலுயரக் குவியல். அதன்மேல் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஹாரனை அழுத்திப் பார்த்தான், அப்புறம் இஞ்சினை நிறுத்தினான். தென்னரசு வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

“பேஜாரு பண்ணாத சின்னம்மா! இன்னா இது?”

“நீ கேட்டியே, அதாண்டா. எம்பேஸ்மட்டத்து மண்ணு. மீதியும் வந்துக்கினு கீது.”

அவன் திரும்பிப் பார்த்தான். கரை வழியாக அம்சா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள், தலையில் சட்டியோடு. எல்லாருக்கும் கடைசியில், இன்னமும் யாரையோ திட்டிக்கொண்டு, ஆரோக்கியராஜ்.

சவுரியம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“நேத்து நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் கீதா? நீ அள்ளிக்கினு போற மண்ணு எந்த மழைலடா வரும்? இப்ப சொல்லு.”