கங்காணி வழியாகச் சொன்னோம்

வெள்ளைக்காரன் போய், எங்கள் எஸ்டேட்டுக்கு நம்மவரே துரையாக வந்தார். ஆனாலும் தொழிலாளி அவரிடம் நேராகப் பேசக் கூடாது. எங்களை வேலை வாங்கும் கங்காணி வழியாகத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர் விரிசல் விட்டதை நேராகச் சொன்னாள் என்று போன வாரம் என் அக்காவைத் துரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

இன்று மழையில் பாதை இளகிக் கிடந்தது. முறைப்படி கங்காணியிடம் சொன்னோம். அவர் போய்ச் சேருமுன் துரையின் ஜீப் சேற்றில் புதைந்தது.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? வாயில என்னடா, கொழுக்கட்டையா?"

"கங்காணிகிட்ட அப்பவே சொல்லிட்டோம், தொரை."

"சரி, ஒங்கக்காவ நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு. இப்ப வண்டியத் தள்ளு."

"ரெண்டையும் கங்காணி வந்து சொல்லட்டும், தொரை."

துரை சேற்றில் இறங்கி, கங்காணியைத் தேடி மேட்டில் ஏறினார்.

நீங்களாக இருந்தால் தள்ளியிருப்பீர்களா? என்னிடம் நேராகவே சொல்லலாம்.