போனில் இல்லாத கமெண்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்தக் குடியிருப்பில், படக்கதை சொல்லும் உத்தியோகம் முதலில் என்னுடையதாகத்தான் இருந்தது. யாரும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன். மழை பிடித்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தியும், அவளோடு கொழுந்து பறிக்கும் இரண்டு மூன்று பேரும் எங்கள் அடுப்படிக்கு வந்து குந்துவார்கள். நான் எழுந்து நின்று கதாநாயகனாக நடப்பேன், வில்லனாகச் சிரிப்பேன், கடைசிச் சண்டையில் அகப்பையைச் சுழற்றி நாலு பேரைச் சாய்ப்பேன். டிவியில் பார்ப்பதைவிட இவள் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது என்று சித்தி ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நோய்க்குப் பயந்து பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். பாடமெல்லாம் போனில் வரும் என்றதும், கினிகத்தேனையில் கடையொன்றில் வேலை செய்த மாமா தன் பழைய போனைக் கொடுத்துவிட்டார். அந்தப் போன் என் படிப்புக்காக வந்தது. இதை நான் இன்றைக்கும் அழுத்திச் சொல்வேன். வந்த மூன்றாம் நாளே அது பாதிக்குமேல் அக்காவினுடையதாகிவிட்டது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தாள். போனோடு மாமா கொடுத்த மெமரி கார்டில் நிறையப் படங்கள் இருந்தன. சண்டைப் படங்களை எல்லாம் நான் பார்த்து முடித்தேன். மாமாவுக்கே தெரியாமல் அதில் சேர்ந்திருந்த விருதுப் படங்களை, வேறு யாரும் தொடாததால், அக்கா எடுத்துக்கொண்டாள். பார்த்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு படத்தையும் அக்கக்காகப் பிரித்து அரைமணி நேரம் பேசி யூடியூபில் போட ஆரம்பித்தாள்.

அவள் முதலில் எடுத்துக்கொண்ட படம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு பெண் ஊராரின் துணிகளை இஸ்திரி போட்டுப் பிழைக்கிறாள். இஸ்திரி போடுகிறாள், போடுகிறாள், போட்டுக்கொண்டே இருக்கிறாள், படம் முடிந்துவிடுகிறது. நான் அதைச் சித்திக்கு அரை நிமிடத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அக்கா என்னவோ அந்த வீட்டுச் சுவரில் கடைசிவரை கசங்கியே தொங்கும் ஒரு ஆண் சட்டையைக் கண்டுபிடித்து, ஊருக்கெல்லாம் இஸ்திரி போடுகிறவள் அதை மட்டும் ஏன் தொடவில்லை என்று முப்பது நிமிடம் பேசினாள். அதிலும் அவள் பேசியது எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. செய்தி வாசிப்பவர்கள் பேசும் தமிழ். முகத்தைக் காட்டவில்லை. கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு, பக்கத்துக் காம்பராக்களின் சத்தம் விழாமல் தாழ்ந்த குரலில் பதிவு செய்தாள். நான் வாசலில் நின்று கோழிகளையும் சின்னப் பிள்ளைகளையும் விரட்டினேன். அந்த வேலைக்கு எங்கேயும் என் பெயர் வந்ததில்லை.

லயத்துக்குள் கவரேஜ் கிடையாது. ஐந்தாம் நம்பர் மலை உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாறை உண்டு. அதில் ஏறி நின்றால்தான் போனுக்கு உயிர் வரும். காலையில் அக்கா ஏறிப் போய் வீடியோவைப் போட்டுவிட்டு வருவாள். பின்னேரம் நான் பாடத்தை இறக்கிக்கொள்ளப் போவேன். டீச்சர் அனுப்பும் நோட்ஸை ஸ்கிரீன் ஷாட் எடுத்து வந்து வீட்டில் பார்த்து எழுதுவது என் வழக்கம். அதே மாதிரி அக்காவின் வீடியோவுக்கு வந்த கமெண்டுகளையும் எடுத்து வரச் சொல்லி அம்மா கட்டளை போட்டாள். அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பிறகு மறுபடி அந்த மேட்டில் ஏற முடியாது. தன்னைப் புகழ்ந்து எழுதியதைத் தானே வாசிக்க அக்காவுக்கு வெட்கம். ஆக, அடுப்படியில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, அக்காவுக்கு வந்த பாராட்டுகளைத் தினமும் சத்தமாக வாசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை. வயிறு நிஜமாகவே எரிந்தது. ‘இந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தேன், இந்தச் சட்டை என் கண்ணில் படவே இல்லை’ என்று ஒருவர். ‘கேட்டு முடித்து அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்’ என்று இன்னொருவர். ‘குரலில் என்ன ஒரு நிதானம்!’ என்று மற்றொருவர். கம்பளிக்குள் மூச்சு முட்டினால் யாருக்கும் அந்த நிதானம் வரும் என்று எழுதத் துடித்தேன். ‘சகோதரி எந்த ஊர், சென்னையா, கோவையா?’ என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்கு மட்டும் அக்கா பதில் போட்டதே இல்லை.

வாசிக்கும்போது என்னால் முடிந்ததைச் செய்தேன். ‘மிக மிக அருமை’ என்று இருந்தால் ‘பரவாயில்லை’ என்று வாசிப்பேன். நீளமான பாராட்டுகளைப் பாதியில் வெட்டிவிடுவேன். கண்ணீர் வந்ததாக எழுதியவர்களை மொத்தமாகத் தாண்டிவிடுவேன். அம்மா மாவைப் பிசைந்தபடி, "என்னாடி, இன்னைக்கு ஒருத்தரும் நல்லா எழுதலயா?" என்று கேட்பாள். அக்கா வெங்காயம் உரிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். அப்பா மட்டும் சுவரில் சாய்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, எதிலும் சேராமல் இருப்பார். அப்பா என் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பும் ஒரு நாள் போயிற்று. எங்கேயோ ஒரு கல்லூரியில் சினிமா சொல்லிக்கொடுக்கும் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அவசரத்தில் வெட்ட மறந்து முழுவதையும் வாசித்துவிட்டேன். அக்காவின் வீடியோவைத் தன் மாணவர்களுக்கு வகுப்பில் போட்டுக் காட்டினாராம். அந்தச் சட்டையைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசினார்களாம். அப்பாவின் கை நின்றது. "அத இன்னொருக்கா வாசி" என்றார். என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டைக்கூட அப்பா இரண்டாவது முறை கேட்டதில்லை. நான் மறுபடி வாசித்தேன். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ரொட்டிக் கல்லில் எதுவோ தீயும்வரை அம்மாவும் அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்ததை வாசிக்கச் சொன்னார்கள். போனில் அடுத்தது என்று எதுவும் இல்லை, அதோடு முடிந்துவிட்டது. நான் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன்.

"லயத்துல கெடக்குறதுக்கெல்லாம் உலகப் படத்தப் பத்தி என்னா தெரியும்?"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. யோசிக்கவே தேவைப்படாமல், தயாராக இருந்தது போல வாயில் வந்துவிட்டது. அக்காவைச் சரியாகக் குத்தும் என்று மட்டும் தெரிந்தது. ஆனால் நான் எதிர்பார்த்தபடி அக்கா அழவில்லை. அம்மாதான் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, யாரோ வாசலுக்கு வந்துவிட்டதைப் போல எழுந்து நின்றாள். அப்பா கத்தியைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தார்.

"நாம லயத்துல இருக்கோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

அந்த ஓட்டையை நான் யோசித்திருக்கவே இல்லை. அக்கா ஊரைச் சொன்னதில்லை, முகத்தைக் காட்டியதில்லை, எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை பேசியதில்லை. சென்னையா கோவையா என்று கேட்கும் ஆட்களுக்கு லயம் எப்படித் தெரியும்? "பேச்ச வச்சுக் கண்டுபுடிச்சிருப்பாங்க" என்றேன். அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

அப்பா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். டவுனிலோ தோட்டத்திலோ யாரோ தெரிந்தவன் பார்க்கிறான், நாளைக்கு நேரிலேயே வந்து பேசுவான் என்று நினைத்துவிட்டார். "போதும். இந்த வேல நமக்கு வேணாம்" என்றார். அப்பா அப்படிச் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. அக்காவுக்குக் கையில் இருந்தது அந்த ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று நான் இரண்டு ரொட்டி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

மறுநாள் காலை அக்கா பாறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தாள். வந்த கமெண்டுகளில் அந்த வரியை முதலிலிருந்து கடைசிவரை தேடியிருப்பாள் போலும். "அத எழுதினவங்களே அழிச்சிருப்பாங்க" என்று நானாகப் போய்ச் சொன்னேன். "இருக்கும்" என்றாள்.

அக்காவின் சேனல் நின்றது. நான் நினைத்தது நடந்துவிட்டது. அடுத்த மழை ஞாயிற்றில் சித்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, புதுச் சண்டைப் படம் ஒன்றைத் தொண்டை வலிக்கச் சொன்னேன். வில்லனின் தாய் இறந்துகிடக்கும் இடத்தில், அக்காவின் வீடியோக்களைக் கேட்டுப் பழகிய சித்தி குறுக்கிட்டாள். "அந்தப் பொம்பள செத்ததுக்கு மருமக ஏன் அழுவல?" என்றாள். கூட வந்தவளோ, அழாமல் எதையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், அது என்னவென்று சொல்லு என்றாள். எனக்கு என்ன தெரியும்? நான் சண்டையைத்தானே பார்த்தேன். "ஒங்க அக்காளக் கூப்பிடு, அவ சொல்லுவா" என்றாள் சித்தி. அக்கா வாயை மூடிய பிறகும் என் ஆட்களைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அகப்பையைத் தூக்கி எறிந்தேன். அதற்கு அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

மூன்றாவது வாரம் அக்கா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை.

"ஒளிஞ்சுக்கிட்டுப் பேசினாத்தானப்பா யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்கன்னு பயப்படணும்? நானே காட்டிட்டுப் பேசுறேன்."

அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை முகம் மழித்து, திருவிழாவுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, "போன எப்புடிப் புடிக்கணும்?" என்றார்.

அப்பாதான் பிடித்தார். அக்கா கம்பளி இல்லாமல் எங்கள் காம்பராவின் முன்னால் நின்றாள். ‘எந்த ஊர் என்று கேட்டிருந்தீர்கள்’ என்று தொடங்கி, லயத்து வரிசையைக் காட்டினாள், தண்ணீர்க் குழாயைக் காட்டினாள், அடுப்படியைக் காட்டினாள். காம்பராக் கொடியில் அப்பாவின் வேலைச் சட்டை, தேயிலைக் கறையோடு, தொங்கியது. அதைக் காட்டி, ‘படத்தில் வரும் இஸ்திரிக்காரி அந்தச் சட்டையை ஏன் தொடவில்லை என்பதை நான் இங்கிருந்துதான் புரிந்துகொண்டேன்’ என்று சொன்னாள். பாதியில் அவளை அறியாமலே எங்கள் பேச்சு வந்துவிட்டது, அவளும் அதைத் திருத்தவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் சொன்ன அந்த வரியை அவள் எடுத்து எல்லோர் முன்னாலும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த வீடியோவுக்கு வந்தவற்றை ஸ்கிரீன் ஷாட் எடுத்து என் விரல் ஓய்ந்தது. மலேசியாவில் தன் தாத்தாவும் ரப்பர்த் தோட்டத்தில் இப்படி ஒரு வரிசையில்தான் இருந்தார் என்று ஒருவர். அந்தப் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன், இந்த முறை தாங்க முடியவில்லை என்று ஒருவர். எங்கள் மலைநாட்டிலேயே பட்டிப்பொலயிலிருந்து ஒரு பெண், ‘அக்கா, நானும் லயம்தான்’ என்று மட்டும் எழுதியிருந்தாள். அம்மா எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். இந்த முறை வெட்ட முடியவில்லை, அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு கணக்குத்தான். இதெல்லாம் யாரால் வந்தது? அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இந்த வீடியோவே கிடையாது. அந்த வரி என்னுடையது. அதற்கும் என் பெயர் எங்கேயும் இல்லை.

மறுநாள் பின்னேரம் அக்கா என்னோடு பாறைக்கு வந்தாள். நான் டீச்சரின் நோட்ஸை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, திட்டுகிற குரலில் இல்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒங்கிட்ட யாரு அப்படிச் சொன்னா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவ்வளவு நல்ல வரியை நானாக யோசித்திருக்க முடியாது, யாரிடமோ கடன் வாங்கியிருப்பேன் என்றல்லவா நினைக்கிறாள்? மாட்டிக்கொள்வோமே என்ற பயம்கூட வரவில்லை. "யாரும் எழுதிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன்" என்றேன்.

"அது தெரியும். அதுக்கு முன்னாடி ஒங்கிட்ட யாரு சொன்னான்னு கேக்குறேன்."

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா அவளாகவே சொன்னாள். "எனக்கு எட்டாம் வகுப்புல சொன்னாங்க. பேச்சுப் போட்டிக்குப் பேர் குடுக்கப் போனேன். லயத்துல கெடக்குறதுக்கெல்லாம் என்னா தெரியும்னாங்க. எல்லாப் புள்ளைகளும் சிரிச்சுச்சுங்க."

எட்டாம் வகுப்பு. எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. படிப்பில், பேச்சில், படத்தில், அப்பாவிடத்தில், எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொண்டே போனவளை, கடைசியில் ஒன்றிலாவது பிடித்துவிட்டேன்.

"எனக்கு ஏழுலயே சொல்லிட்டாங்க" என்றேன், தலையை நிமிர்த்திக்கொண்டு.

அக்கா முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. தோற்றுப்போனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அன்று முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன்.