சின்னத்துரையிடம் துண்டு கேட்டு நின்றவன்

என் மனைவி ரோசம்மா பிரசவ வேதனையில் கிடந்த இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, தோட்டத்து ஆபீஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடி மாத மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. விடிகிற நேரத்தில் அதன் ஒரு கை மட்டும் வெளியே வந்துவிட்டது. மருத்துவச்சி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். தோட்டத்து மருந்துக்கார ஐயா வந்து, "இது இங்க நடக்காதுங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. பொழுது சாஞ்சா ரெண்டு உசுரும் தங்காது" என்று சொல்லிவிட்டார். கொண்டுபோக லொறி வேண்டும். லொறி கிளம்ப அனுமதித் துண்டு வேண்டும். துண்டில் தோட்டத்து மானேஜர் பெரியதுரை கையெழுத்துப் போட வேண்டும். பெரியதுரையோ முந்தின நாளே கொழும்புக்குப் போயிருந்தார்.

சபையாரே, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் நான் எப்பேர்ப்பட்ட முட்டாளாக இருந்தேன் என்று சொன்னால்தான் அவர் செய்தது உங்களுக்கு விளங்கும். ஆகையால் அந்த முட்டாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவனிடம் எனக்கு இன்றைக்கும் இரக்கம் கிடையாது.

அப்போது நான் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் அவர்களை மலைக்கு மலை பிரித்து அனுப்புவது என் வேலை. என்னைத் தாண்டி எவரும் துரையிடம் போக முடியாது. காய்ச்சல் என்றாலும், கலியாணம் என்றாலும், சாவு என்றாலும் முதலில் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவர்களைக் கொஞ்ச நேரம் நிற்க வைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அதை நான் ஒழுங்கு என்று சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் கொழும்பிலிருந்து ஒரு புத்தகக்காரர் வந்தார். துவைத்து மடித்த சட்டை, தோல் பை, எதைக் கேட்டாலும் ஒரு பதில். எனக்கு மூன்று சிறு புத்தகங்கள் கொடுத்தார். மூன்றையும் ஒரு வாரத்தில் படித்தேன். அதோடு இத்தனை நூற்றாண்டாகச் சபை விசுவாசித்தது எல்லாம் தப்பு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இயேசு தேவன் அல்ல, தேவன் படைத்தவர்களில் முதல்வர், அவ்வளவுதான். திரித்துவம் என்கிற சொல் வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, காட்டு பார்க்கலாம் என்று போகிறவன் வருகிறவனையெல்லாம் மறித்தேன். பிதா பெரியவர் என்று வருகிற வசனங்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். மற்ற வசனங்களுக்குக் கோடு போடவில்லை. அவை என் கண்ணில் படவே இல்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கடைசியில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீடு இருந்தது. முப்பது பேர் கூடுவார்கள். உபதேசியார் ஞானமுத்து அங்கே போதகம் செய்வார். நல்ல மனுஷன். ஆனால் வாதம் செய்யத் தெரியாத மனுஷன் வாதத்துக்கு வந்தால் என்ன ஆகும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"ஓடு, வெள்ளை, மஞ்சள். மூணும் சேந்துதான் ஒரு முட்டை. திரித்துவமும் அப்படித்தான்" என்றார்.

"ஓட்ட ஒடச்சுக் குப்பையில போடுறோமே உபதேசியாரே! மூணு பேர்ல யாரைப் போடுறது?" என்று கேட்டேன்.

சபை சிரித்தது. உபதேசியார் முட்டையைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஐஸ், தண்ணீர், ஆவி என்று ஆரம்பித்தார். எங்களில் பாதிப் பேர் ஐஸைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் ஜனத்துக்கு ஓட்டும் பிரஜாவுரிமையும் பறிபோய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தோட்டத்தில் பேச எவ்வளவோ இருந்தது. நாங்கள் முட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு நான் எழுந்தேன். என் உபமானத்தைச் சொன்னேன். அதைச் சொல்ல இன்றைக்கும் நாக்குக் கூசுகிறது.

"பிதாதான் பெரியதொர. இயேசு சின்னத்தொர. ஆவிங்கிறது பெரியதொர அனுப்புற உத்தரவு. உத்தரவு ஒரு ஆளாகுமா? சின்னத்தொர நல்லவருதான், நமக்காகப் பேசுவாரு. ஆனா தோட்டம் யாருது? கையெழுத்து யாருது? சின்னத்தொரயக் கும்பிட்டா பெரியதொரைக்குக் கோவம் வருமா வராதா?"

எல்லாருக்கும் பளிச்சென்று புரிந்தது. புரியாமல் என்ன? லயத்தில் பிறந்தவன் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிவது துரை பங்களா. நான் அதையே மோட்சம் என்று காட்டினேன். துரைக்குக் கீழே சின்னத்துரை, அவருக்குக் கீழே நான். அந்த ஏணியில் எனக்கும் ஒரு படி இருந்ததால்தான் அந்த உபதேசம் அவ்வளவு இனித்தது என்று பிற்பாடுதான் கண்டுகொண்டேன்.

அப்போது பாக்கியம் என்று கொழுந்து பறிக்கிற ஒரு பெண் கடைசிப் பாயிலிருந்து எழுந்தாள். புருஷனை இழந்தவள், எழுத்து வாசனை இல்லாதவள்.

"எனக்குப் படிப்பு இல்லீங்கய்யா. ஏசுவேன்னு கூப்புட்டா கேக்குறாரு. கூப்புட்டதும் கேக்குறவரு சாமி இல்லாம வேற யாருங்க?"

"கொழுந்து பறிக்கிற கையி வேதம் பேச வந்திருச்சுடா!" என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. அவள் உட்கார்ந்துவிட்டாள். அது போதாது என்று மறுநாள் பெரட்டில் அவளை அட்டை மொய்க்கிற கடைசி மலைக்கு அனுப்பினேன். ஒரு மாதம் அங்கேயே அனுப்பினேன். வேத சத்தியத்தை நான் காப்பாற்றிய விதம் இது.

வீட்டிலும் சட்டம் போட்டேன். ரோசம்மா சின்ன வயதிலிருந்து, அடுப்பு மூட்டும்போதும் தண்ணீர் எடுக்கப் போகும்போதும் "ஏசப்பா" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளுகிறவள். இனி அந்தப் பெயரை ஜெபத்தில் நேரே கூப்பிடக் கூடாது, பிதாவிடம் முறையாக விண்ணப்பம் செய், கடைசியில் மட்டும் குமாரன் பெயரைச் சொல் என்றேன். அவள் வாதாடவில்லை. சரிங்க என்றாள். அதற்குப் பிறகு அவள் ஜெபிக்கிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இனி ஆபீஸ் வாசலுக்கு வருகிறேன்.

சின்னத்துரை இளவயசுக்காரர். வந்து ஆறு மாதம்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலி காட்டினார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"பெரியதொர இல்லே, கணக்கப்பிள்ளை. லொறி கீ அவரு பங்களால. நான் சைன் பண்ண பவர் இல்லே. நாளைக்கு வருவாரு. நான் கட்டாயம் சொல்றேன்."

"நாளைக்கு வரைக்கும் தாங்காதுங்க துரை."

"எனக்கு ரொம்ப வருத்தம்" என்றார். கண்கூடக் கலங்கியது. ஆனால் கையெழுத்து அவருடையதல்ல.

சபையாரே, ஆபீஸ் படியில் இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் ஊருக்குப் போதித்த இயேசு இவர்தான். நல்லவர். நமக்காக வருத்தப்படுவார். கட்டாயம் சொல்லுவார். பவர் இல்லை. சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து எனக்கென்று ஒரு சின்னத்துரையைச் செய்துவைத்தேன். உயிர் போகிற வேளையில் அவரிடம் போய் நின்றேன். மழையில் ஓடிக்கொண்டே அழுதேன். அது பக்தி அழுகை அல்ல. என்மேல் எனக்கு வந்த அருவருப்பு.

வீட்டுக்குள் நுழைந்தேன். ரோசம்மாவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்திருந்தது. நோவில் கடித்தாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க... இப்பவாவது அவரக் கூப்புடவாங்க?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கினதும் அப்படியே தரையில் விழுந்தேன். இரண்டு நாளாகச் சாகக் கிடந்தவள், அந்தப் பெயர் வாயில் வந்துவிடாதபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் ஆண்டவரைக் கூப்பிட என்னிடம் துண்டு கேட்கிறாள்! லயத்து ஜனம் காய்ச்சலுக்கு என் முன்னால் வந்து நின்றதுபோல என் பெண்சாதி இயேசுவுக்காக என் முன்னால் நிற்கிறாள்.

"கூப்புடு ரோசம்மா! நான் பாவி, நீ கூப்புடு!" என்று கத்தினேன். அவள் கூப்பிடுமுன் நானே கூப்பிட்டேன். பிதாவிடம் முறையான விண்ணப்பம் ஒன்றும் எனக்கு வரவில்லை. "இயேசுவே, நீரே என் தேவன், நீரே இவளைக் காப்பாற்றும்" என்று தரையில் தலையை மோதிக்கொண்டு கதறினேன். அவளும் கூப்பிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் ஆள் அரவம் கேட்டது. பார்த்தால் பாக்கியம் கையில் கம்பளியோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் ஜெபவீட்டுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மழைக்குத் தலையில் போட்ட சாக்கோடு. நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நான் ஆபீஸிலிருந்து ஓடினதை மலையிலிருந்து பார்த்தார்களாம். வேலை நேரத்தில் மலையை விட்டு இறங்க என் உத்தரவு வேண்டும். என் உத்தரவு இல்லாமல் இறங்கி வந்திருந்தார்கள்.

"தொர லொறி தரலேன்னா என்னாங்கய்யா, எங்களுக்குத் தோளு இல்லியா?" என்றாள் பாக்கியம்.

இரண்டு கம்பளியை ஒரு நீளக் கம்பில் தொட்டில் மாதிரிக் கட்டினார்கள். ரோசம்மாவை அதில் கிடத்தினார்கள். றொசல்ல ஸ்டேஷன் குறுக்கு வழியில் நாலு மைல். முன்னால் இருவர், பின்னால் இருவர், மாற்றி மாற்றித் தூக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் "இயேசுவே, இயேசுவே" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் போனேன். கணக்கப்பிள்ளை அல்லவா? முதல் வளைவிலேயே வெட்கம் தாங்காமல் குடையை எறிந்துவிட்டுத் தோளைக் கொடுத்தேன். எனக்கு முன்னால் தோள் கொடுத்துக்கொண்டிருந்தவர் உபதேசியார் ஞானமுத்து. வாதத்தில் நான் மிதித்த அந்த மனுஷனுக்கு என்னைவிட இரண்டு மடங்கு பலம் இருந்தது.

வழியில் பாக்கியத்திடம், "நான் உனக்குச் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம நடங்கய்யா. வழுக்குது" என்றாள்.

ஹட்டன் டவுனுக்குப் போகிற ரயில் பதினொன்றரைக்கு. நாங்கள் ஸ்டேஷனைக் கண்டபோது ஒரு மணியாகியிருக்கும். ரயில் நின்றுகொண்டிருந்தது. வட்டவளைக்குக் கீழே பாதையில் மண் விழுந்து, அதை அள்ளிவிட்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். கம்பளியைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "இக்மனட்ட, இக்மனட்ட!" என்று எங்களை அவசரப்படுத்தி, ரயில் கார்டின் பெட்டியைத் திறக்கச் சொன்னார். டிக்கட்டும் கேட்கவில்லை. துண்டும் கேட்கவில்லை.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் ரோசம்மாவுக்கு ஆபரேஷன் செய்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் பிள்ளை. அதோ, முன்பாயில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வெளியே வந்த அந்த வலக்கைக்கு இன்றும் பலம் குறைவுதான். அதையும் மறைக்காமல் சொல்லுகிறேன்.

மழைக்காலத்தில் மண் விழுவது வழக்கம், ரயில் பிந்துவது வழக்கம், இதில் என்ன அற்புதம் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகக்காரரும் மறுபடி வந்து அதைத்தான் கேட்டார். புன்சிரிப்போடு கேட்டார். என் பழைய முகத்தை அந்தச் சிரிப்பில் பார்த்தேன். மூன்று புத்தகங்களையும் அவர் கையிலேயே கொடுத்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டேன். நான் அதிசயிப்பது ரயிலைப் பார்த்தல்ல. நான் அட்டைக்கு இரையாக அனுப்பினவள் என் வாசலில் கம்பளியோடு வந்து நின்றாளே, அதைத்தான்.

அடுத்த ஞாயிறு ஜெபவீட்டில் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். உபதேசியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் சட்டைப் பையிலிருந்து முட்டையை எடுத்தார். சபையாரே, சத்தியமாக எடுத்தார்! முட்டை அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை. மூவர் எப்படி ஒருவர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவனைக் கண்டால் எழுந்து போய்விடுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அன்றைக்கு நான் கூப்பிட்டவருக்கு, மேலிடத்தில் கேட்டுச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

பெரட்டில் இன்றும் நான்தான் பேர் பிரிக்கிறேன். யாரையும் நிற்க வைப்பதில்லை. ரோசம்மா அடுப்படியில் மறுபடியும் "ஏசப்பா" என்கிறாள். சில நாள் என்னைப்பற்றி அவரிடம் முறையிடுகிறாள். காது கேட்காதவன்போல் இருந்துவிடுகிறேன்.

பிரஜாவுரிமை இந்தியாவிலா, இங்கேயா என்று இப்போது நாம் எல்லாரும் கடுதாசியும் கையுமாக ஆபீஸ் ஆபீஸாக நிற்கிறோம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்போம், வேறு வழியில்லை. ஆனால் இந்த ஒருவர் வாசலில் யாரும் உங்களை மறிக்கவில்லை. இன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். வீட்டுத் தலைவர்களே, உங்களுக்கு இன்னொன்று: நீங்கள் எவ்வளவு பெரிய வேதசாஸ்திரியாகவும் இருங்கள், எத்தனை பென்சிலாலும் கோடு போடுங்கள். "இப்பவாவது அவரக் கூப்புடவாங்க?" என்று உங்கள் மனைவி உங்களிடம் கேட்கும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள்.